பி-1 வாயை மூடிக்கொண்டது

வாயைப் பிளந்துகொண்டு இருக்க வேண்டிய ஷூ, வாயை மூடிக்கொண்டு இருந்தது.

மாப்பிள்ளை வக்கீல் அதைத் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். இடது கால் ஷூ. பழுப்பு நிறம். கயிற்றில் தொங்கிய அட்டையில் 'பி-1' என்று எழுதி, நீதிமன்ற முத்திரையும் குத்தியிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருஷம் இதை நீதிபதி முன்னால் வைத்தபோது, அடித்தோல் முன்பக்கம் பிரிந்து, கொட்டாவி விடுவது போல ஆவென்று இருந்தது. இப்போது கப்சிப்.

"இது அந்த ஷூதானா?" என்றார்.

"அட்டையைப் பாருங்க சார், பி-1னு போட்டிருக்கு. நம்ம அறையில அட்டை பொய் சொல்லாது," என்றார் காப்பாளர். சான்றுப் பொருள் அறைக்கு ராஜா, மந்திரி, காவல்காரர் எல்லாம் அவரே.

"அட்டை பொய் சொல்லலைங்க. ஷூ வாயைத் திறக்கலை. அதைத்தான் கேட்கிறேன்."

காப்பாளர் வாங்கிப் பார்த்தார். அவர் வாய் திறந்துகொண்டது.

சொந்த மாமனாரின் வழக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைவதால், நீதிமன்ற வளாகம் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை வக்கீல் என்றே பெயர். மாமனார் பசை தயாரிக்கிறவர். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, உள்ளே பெரிய பெரிய அண்டாக்கள், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. அவரிடம் பசை வாங்குவதாக ஒரு ஷூ கம்பெனி ஒப்பந்தம் போட்டது. மாதிரிக்கு ஒரு டப்பா கொடுத்தார். பிறகு அதே பசையைப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பினார். மாதிரியும் சரக்கும் ஒன்றுதான் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. அந்தப் பசை ஒட்டுமா ஒட்டாதா என்பதில்தான் சண்டை. ஒட்டாது என்று ஒப்பந்தத்தை முறித்த கம்பெனி, அதற்குச் சான்றாக வாய் பிளந்த ஷூவைத் தாக்கல் செய்தது. அது பி-1. மாமனார் தரப்பில் மாதிரி டப்பாவைத் தாக்கல் செய்தார்கள். அது ஏ-1. டப்பாவைத் திறந்து பரிசோதிக்க வேண்டும் என்று போட்ட மனு, எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தால் வாய்தா வாய்தாவாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வழக்கு தோற்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். ஒட்டாத பசை என்று கோர்ட்டே சொன்ன பிறகு அதை யார் வாங்குவார்கள்? "பெரிய வக்கீலாப் பாருங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னபோது, "என் மாப்பிள்ளை இருக்கும்போது வேற ஆள் எதுக்கு?" என்று ஒரே பிடியாக நின்றவர் மாமனார். திட்டுகிற மாமனார் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். இப்படி நம்புகிற மாமனாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை நினைத்தாலே மாப்பிள்ளை வக்கீலுக்குப் பாசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று மதியம் விசாரணை. ஷூ தானாகப் பிரிந்ததா, யாராவது கத்தி வைத்துப் பிரித்தார்களா என்று பிரிந்த இடத்தைப் பார்க்க மனுப் போட்டு, அனுமதி வாங்கி, காலையிலேயே வந்திருந்தார். வந்த இடத்தில் பிரிந்த இடத்தையே காணோம்.

"சார்," காப்பாளரின் குரல் கீழே இறங்கியது. "இந்தப் பொருளைக் கடைசியாப் பார்த்ததுன்னு யாரு கையெழுத்து இருக்கு தெரியுமா?"

"யாரு?"

"நீங்கதான். இப்போ உள்ளே வரும்போது போட்டீங்களே."

பசைக்காரரின் மாப்பிள்ளை அறைக்குள் போனார், எதிர்த்தரப்பின் பிரிந்த ஷூ ஒட்டிக்கொண்டது. ஒட்டியது யார் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"நான் ஒட்டலைன்னு நீங்க சாட்சி சொல்லுவீங்கள்ல?"

"கண்டிப்பாச் சொல்லுவேன். அப்போ வேற யாருன்னு கேட்பாங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்பாங்க. எனக்கு அடுத்த வாரம் பதவி உயர்வு சார். என் சம்சாரம் அக்கம்பக்கம் பூரா சொல்லிட்டா."

மாப்பிள்ளை வக்கீல் ஷூவை மறுபடி கையில் வாங்கினார்.

"பழையபடி திறந்துட்டா?" என்றார் மாப்பிள்ளை வக்கீல்.

"விதிப்படி சான்றுப் பொருளைத் தொடலாம், பார்க்கலாம். இழுக்கக் கூடாது."

"இழுக்க வேண்டாம். லேசா நெம்பிவிடலாம்."

காப்பாளர் யோசித்தார். "நெம்புறதைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலை."

விரலால் நெம்பியதில் மாப்பிள்ளை வக்கீலின் கட்டைவிரல் நகம் ஒடிந்தது. அடித்தோல் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. காப்பாளர் தபால் உறை கிழிக்கும் கத்தியை எடுத்து வந்து, நுனியை இடுக்கில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம்.

"விட்டுருச்சு!" என்று துள்ளினார் மாப்பிள்ளை வக்கீல்.

"ஷூ இல்லை சார். கத்தி."

கத்தியின் நுனி ஒடிந்து ஷூவுக்குள்ளேயே தங்கிவிட்டது. வாயை மூடியிருந்த ஷூ இப்போது ஒரு இரும்புத் துண்டையும் கவ்விக்கொண்டிருந்தது. காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டுகிற விஷயத்தில் மாமனாரைவிட விஷயம் தெரிந்தவர் யார்? மாப்பிள்ளை வக்கீல் அவருக்குப் போன் போட்டார்.

"மாமா, ஒரு சின்ன சந்தேகம். ஒட்டினதைப் பிரிக்கிறது எப்படி?"

"எதை மாப்பிள்ளை ஒட்டினீங்க?"

"நான் ஒட்டலை மாமா! சத்தியமா நான் ஒட்டலை! சும்மா பொதுவாக் கேட்கிறேன்."

"கண்ட கண்ட கம்பெனிப் பசையா இருந்தா வெந்நீர் ஊத்துங்க. தன்னால விட்டுட்டு வந்துரும்."

எதிர் டீக்கடையிலிருந்து கொதிக்கும் கெட்டில் வந்தது. ஷூவைத் தட்டில் வைத்து ஊற்றினார்கள். முதலில் சாயம் போனது. பழுப்பு ஷூ ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கறுத்து, வேகவைத்த கிழங்கு போல ஆனது. பிறகு அட்டையில் இருந்த 'பி' கரைந்து ஓடியது. அறை முழுக்க ஈரத் தோலின் நாற்றம். அடித்தோல் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"மாமா, வெந்நீருக்கும் விடலை."

"ஆவி பறக்க ஊத்தினீங்களா?"

"எங்க கையெல்லாம் வெந்து போச்சு மாமா."

"அப்பவும் விடலையா?" மாமனாரின் குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. "எவன் அவன், எனக்குத் தெரியாம இப்படி ஒரு சரக்கை விட்டிருக்கான்? யாரு தயாரிப்புன்னு கேட்டு வைங்க மாப்பிள்ளை. மதியம் நான் கோர்ட்டுக்குத்தானே வர்றேன், அந்தப் பொருளை ஒரு தடவை கண்ணால பார்த்துடுறேன்."

"பார்க்காம இருக்க மாட்டீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை வக்கீல் நொந்துபோய்.

இனி விதியாவது ஒன்றாவது. காப்பாளரே இழுக்கலாம் என்றார். ஷூவின் நாடாவை அடித்தோல் முனையில் எப்படியோ சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். காப்பாளர் குதிகாலைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வக்கீல் காப்பாளரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ஆணி அடித்திருந்த குதிகால் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. காப்பாளர் மாப்பிள்ளை வக்கீல் மேல் விழ, மாப்பிள்ளை வக்கீல் அலமாரி மேல் விழ, அலமாரியின் உச்சியிலிருந்த கட்டுகள் எல்லாம் தூசியோடு இருவர் மேலும் விழுந்தன. தூசி அடங்கியபோது வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல். மெதுவாகப் பேசினாலே பக்கத்து அறையில் எதிரொலிக்கும் என்பதால் அவருக்குக் கணீர் வக்கீல் என்று பெயர். ஜன்னலில் தூக்குப் போட்டது போல ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்த தன் சான்றைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்கே?" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பார்வையிட்டுக்கிட்டு இருக்கோம்," என்றார் மாப்பிள்ளை வக்கீல், தரையில் கிடந்தபடியே.

மதியம், நீதிபதியின் மேஜை மேல் தட்டில் ஷூ வந்தது. சாயம் வெளுத்து, குதிகால் போய், கத்தித் துண்டைக் கவ்வியபடி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கடைசி பெஞ்சில் மாமனார் எம்பி எம்பிப் பார்த்தார்.

"ஐயா, பட்டப்பகலில் என் சான்றை ஒட்டிவிட்டார்கள்! கையும் களவுமாகப் பிடித்தேன்!" என்று முழங்கினார் கணீர் வக்கீல்.

"நாங்க ஒட்டலைங்க ஐயா. திறக்கத்தான் பார்த்தோம்," என்றார் மாப்பிள்ளை வக்கீல். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஒட்டியிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க? சும்மா அழுந்தி மூடியிருக்கலாம். எங்கே, திறந்து காட்டுங்க," என்றார் நீதிபதி.

கணீர் வக்கீல் இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்துப்பட்டை அவிழ்ந்தது, ஷூ அப்படியே இருந்தது. "விடுங்க சார், ஷூவைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்று கம்பெனி முதலாளியே எழுந்து வந்தார். முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். முக்கினார், முனகினார். கடைசியில் மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, அவர் முகத்தில் கோபம் போய் மரியாதை வந்திருந்தது.

"ஐயா, இந்தத் தொழில்ல தலை நரைச்சவன் நான். இப்படி ஒரு ஒட்டை நான் பார்த்ததே இல்லை. இது முதல்தரப் பசை! இது மட்டும் எனக்குக் கிடைச்சா, ஆயுசு முழுக்க மறுபேச்சு பேசாம வாங்குவேன். அதோ உட்கார்ந்திருக்காரே, அவரோட பசைக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

"இதையெல்லாம் உங்க வாக்குமூலமாப் பதிவு பண்ணலாமா?" என்றார் நீதிபதி.

"தாராளமாக!" என்றார் கணீர் வக்கீல். "ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

பதிவானது. முதலாளி கையெழுத்தும் போட்டார். மாப்பிள்ளை வக்கீல் திரும்பிப் பார்த்தார். மாமனார் கோபப்படவில்லை. எனக்கு இப்படி ஒரு பசை செய்யத் தெரியாமல் போய்விட்டதே என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மாப்பிள்ளை வக்கீலுக்குக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"அந்த அறைக்குள்ள உங்களைத் தவிர வேற யாரு போவாங்க?" என்று நீதிபதி காப்பாளரைக் கேட்டார்.

"கூட்டிப் பெருக்குற அம்மா மட்டும்தான் ஐயா."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். நடுக்கம் ஒன்றும் இல்லை. பாதி வேலையில் கூப்பிட்டுவிட்டார்களே என்ற எரிச்சல்தான் தெரிந்தது.

"ஏம்மா, இந்த ஷூவை யாராவது ஒட்டினதைப் பார்த்தீங்களா?"

"நான்தாங்க ஒட்டினேன்."

நீதிமன்றமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"போன மாசம் மேலதிகாரி ஆய்வுக்கு வர்றாரு, கிழிஞ்சது உடைஞ்சது எதுவும் அவர் கண்ணுல படக் கூடாதுன்னு இவர்தானே சொன்னாரு?" என்று காப்பாளரைக் கை காட்டினார். "குடையில ஓட்டை இருந்துச்சு, தைச்சேன். சட்டையில கறை இருந்துச்சு, துவைச்சேன். இது வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு, ஒட்டினேன்."

காப்பாளர் பேயறைந்தது போல நின்றார். குடையும் சட்டையும் எந்தெந்த வழக்குக்கு உரியவை என்று அவர் உதடுகள் முணுமுணுத்தன.

கணீர் வக்கீல் விடவில்லை. மாப்பிள்ளை வக்கீலைப் பார்த்து விரலை நீட்டியபடி, "பயப்படாமல் சொல்லுங்கம்மா! அந்த முதல்தரப் பசையை உங்ககிட்டக் கொடுத்தது யாரு?" என்று கூரை அதிரக் கேட்டார்.

"யாரும் குடுக்கலைங்க, ஷூவுக்குப் பக்கத்துலயே 'ஏ-1'னு அட்டை தொங்கவிட்ட டப்பா ஒண்ணு இருந்துச்சு, அதுலேருந்துதான் ஒரு விரல் எடுத்துத் தடவினேன்."