ஷேவந்திக்கு ஊர் சுற்றிக் காட்டின விவரம்

பாண்டூப்பில், மூட்டு ஆபரேஷன் ஆன காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி அசையாமல் இருக்கும் என் மைத்துனர் ஆத்மாராம் அவர்களுக்கு, மால்வணிலிருந்து தங்கள் அக்காள் வீட்டுக்காரன் விச்ராம் கேளுஸ்கர் நமஸ்காரம் சொல்லி எழுதிக்கொள்வது. எழுதுவது நானில்லை. எனக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் பிரணாலி எழுதுகிறாள். இங்கே நான், மகன் நித்தின், பிரணாலி, சுமோ வண்டி எல்லோரும் சௌக்கியம். தங்கள் அக்காள் ஷேவந்தி மட்டும் இல்லை. அது தாங்கள் அறிந்ததே.

பத்தாம் நாள் காரியத்துக்குத் தாங்கள் வர முடியாததால் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிண்டம் வைத்தோம். காகம் வந்தது. வந்து தென்னை மட்டையில் உட்கார்ந்துகொண்டு, உங்க அக்கா மீன்காரியின் கூடையைப் பார்ப்பாளே, அதே மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கவில்லை. ஏதோ ஆசை பாக்கியிருக்கிறது, ஆளுக்கொரு வாக்குக் கொடுங்கள் என்றார் புரோகிதர் பட்ஜி. நித்தின், "ஆயி, மாந்தோப்பை விக்க மாட்டேன்" என்றான். காகம் அலகைத் தீட்டிக்கொண்டது. பிரணாலி, "அத்தை, துளசிக்குத் தினம் தண்ணி ஊத்தறேன்" என்றாள். காகம் திரும்பி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மந்தா பயந்துபோய், "ஷேவந்தி, உன் தேங்காய்த் துருவி ரெண்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு, நாளைக்கே குடுத்துடறேன்" என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டாள். அதற்கும் அசையவில்லை. வெயில் ஏறிவிட்டது. பட்ஜி மணியைப் பார்த்து, "தர்ப்பையிலயே ஒரு காகம் செஞ்சு தொட்டு முடிச்சுடலாமா? எனக்குக் கட்டா கிராமத்துல இன்னொரு காரியம் இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், அதுவரை வாயே திறக்காதவன், மேலே பார்த்துக் கத்திவிட்டேன்: "ஷேவந்தி, ஊரான் எல்லாருக்கும் காட்டினதை உனக்கும் காட்டறேன்டி! முன் சீட்டுல உக்கார வச்சு ஒரு நாள் முழுக்க..." நான் முடிக்கவில்லை மச்சான், அது இறங்கிச் சோற்றில் வாய் வைத்துவிட்டது.

(தாங்கள் என்று எழுதவைத்தது பிரணாலி. இனிமேல் எனக்கு வராது. நீ என்றே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்காதே.)

உனக்குத் தெரியாததில்லை, நாற்பத்துநாலு வருஷமாக எனக்கு இந்தக் கரையோரச் சவாரிதான் பிழைப்பு. காலையில் கடல்கோட்டை, அப்புறம் குண்கேஷ்வர் சிவன் கோயில், தேவ்கட்டில் சாப்பாடு, சாயங்காலம் விஜயதுர்க் கோட்டை. கல்யாணமான வருஷம், எழுபத்தெட்டு, ஹோலிக்கு நாலு நாள் இருக்கும்போது, அடுப்பு ஊதிக்கொண்டே ஒருதரம் கேட்டாள், என்னையும் கூட்டிட்டுப் போறீங்களான்னு. சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடிஞ்சா மழை. மழை முடிஞ்சா சீசன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் முடிந்த மறுநாளே கிளம்பிவிட்டேன். அவளோட பச்சைப் புடவையை மடித்து முன் சீட்டில் போட்டு, அதன் மேல் படத்தை வைத்து, பெல்ட்டையும் மாட்டினேன். சாவியைத் திருகியதும் வாய் தானாக, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன் பார், அங்கேயே அரைமணி போச்சு. நித்தின் வந்து கண்ணாடியைத் தட்டி, "பாபா, டீசல் இல்லையா?" என்றான்.

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற கிருஷ்ணாஜி, "தாத்யா, டூரிஸ்ட் எங்கே?" என்றான். படத்தைக் காட்டி ரெண்டு டிக்கெட் கேட்டேன். "படத்துக்கு எதுக்கு டிக்கெட்? மடியில வச்சுக்கோங்க" என்றான். ஓசியில வர்றவ இல்லடா அவ என்று சண்டை போட்டு வாங்கினேன். டிக்கெட் வாங்கிட்டா ஆளுக்கொரு மிதவைச் சட்டை போட்டாகணும், அது சட்டம் என்று அவனும் விடவில்லை. போட்டேன். கோல்ஹாப்பூர்க்காரங்க பத்துப் பேர், ஆரஞ்சுச் சட்டை போட்ட படத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவர்களில் ஒரு பெண்பிள்ளை மட்டும் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

மச்சான், ஒரு உண்மையை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கோட்டைக்குள் நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கால் வைத்தேன். டூரிஸ்ட்டை இறக்கிவிட்டு, "நாப்பத்தஞ்சு நிமிஷம், சரியா வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியோடு நிற்பதுதான் டிரைவர் வேலை. கேள்விஞானத்தில்தான் உள்ளே சர்க்கரைக் கிணறு இருக்கு, தண்ணி வெல்லப்பாகு மாதிரி இனிக்கும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே குடம் வைத்திருந்த அம்மாவிடம் ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். தண்ணி மாதிரிதான் இருந்தது. "இனிக்கவே இல்லையே?" என்றேன். "உப்புக் கடலுக்கு நடுவுல உப்பு இல்லாம இருக்கே, அது போதாதா? எந்த டிரைவர் சொன்னான், இனிக்கும்னு?" என்றாள். நான் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

குண்கேஷ்வரில் எள் போட இடமில்லை, அவ்வளவு கூட்டம். ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தேவ்கட்டில் எப்போதும் எனக்குப் பின்கட்டில், மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் இலவசச் சாப்பாடு. அன்றைக்குக் கடல் பார்த்த மேசையில் உட்கார்ந்து ரெண்டு வஞ்சிரத் தட்டு கேட்டேன். ஓட்டல்காரன் பெண்டாட்டி தட்டைக் கொண்டுவந்தவள், படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்யா, இன்னிக்குத் திங்கக்கிழமை. ஷேவந்திபாய் மீன் தொடமாட்டாங்களே" என்றாள். ஊர்ப்பட்ட பேருக்கு இது ஞாபகம் இருக்கு, எனக்கு இல்லை. பருப்புச் சோறும், குடிக்கத் தேங்காய்ப்பால் சோல்கடியும் வாங்கி வைத்தேன். அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். என் வஞ்சிரம்தான் இறங்கவில்லை.

விஜயதுர்க் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அங்கேயும் வாசல் வரைதான் எனக்குப் பழக்கம். படத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மதில் மேல் ஏறி, கடல் நன்றாகத் தெரியும்படி வைத்தேன். கப்பல் வந்த கதை, பீரங்கி வெடித்த கதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து, "நாப்பத்தஞ்சு நிமிஷம், சரியா வந்துடு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன் மச்சான். வண்டியைத் துடைத்தேன், தண்ணி குடித்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். காவல்காரர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறார், "யோவ் பெரியவரே, அம்மாவை அங்கேயே விட்டுட்டுப் போறீரே!" என்று கத்திக்கொண்டு. வாங்கி முன் சீட்டில் வைத்தேன். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கை பட்டு ஹார்ன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது. காவல்காரர்தான் கையை எடுத்துவிட்டார்.

ஆக, குறைகள் இருந்தாலும் சொன்ன வாக்கை நிறைவேற்றிவிட்டேன். பார்க்காததை எல்லாம் அவள் பார்த்தாச்சு. இனி உங்க அக்கா நிம்மதியாகப் போகலாம். உன் கால் சீக்கிரம் ஊன்றி நடக்கட்டும், பேத்திக்கு என் முத்தம், வீட்டில் எல்லோரும் வேதோபா சாமி புண்ணியத்தில் நீடூழி இருக்கணும்.

இப்படிக்கு,
விச்ராம் (கட்டைவிரல்)

பி.கு.: மச்சான், மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடு. இவ்வளவும் எழுதி முடித்துவிட்டுப் பிரணாலி பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "மாமா, திட்டாதீங்க. அத்தை இந்த இடமெல்லாம் பார்த்தாச்சு. மகளிர் குழுவுல வருஷா வருஷம் கட்டாவிலிருந்து ஒரு வண்டி பிடிச்சுப் போவாங்க. நாலு தடவை போயிருக்காங்க. வேற டிரைவரோட போனது தெரிஞ்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரையும் சொல்லவிடல" என்றாள். கோட்டை எப்படி இருந்ததுன்னு சொன்னாளா என்று கேட்டேன். "கோட்டையைப் பத்தி ஒண்ணும் பேசல. முதல் தடவை போயிட்டு வந்தப்போ, அந்த டிரைவர் நாள் முழுக்க வெயில்ல தகரத்துக்குள்ள உக்காந்திருந்தான், ஒரு வாய் தண்ணி வேணுமான்னு யாரும் கேக்கல, இவரும் இப்படித்தானே உக்காந்திருப்பாருன்னு சொல்லி ராத்திரி சாப்பிடல" என்றாள். எந்த வருஷம் என்றேன். ரெண்டாயிரத்து ஆறு என்றாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, மச்சான். அந்த வருஷ தீபாவளிக்கு மறுநாளிலிருந்துதான் வண்டியில் ஈரத்துணி சுற்றின தண்ணிப் பாட்டிலும் பனைவிசிறியும் வைக்க ஆரம்பித்தாள். எதுக்குடி என்று கேட்டேன். சும்மா என்றாள். நானும் சும்மான்னுதான் நெனச்சேன்.