ஸ்வெட்டர் டிரைவரும் ஒரு நீளக் கையும்

கொடைக்கானல் மலையில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பின்னல் ஊசியும் பிடிக்கத் தெரிந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே ஆளுடையவை. மூஞ்சிக்கல் ஜீப் ஸ்டாண்டில் நின்று ‘ஸ்வெட்டர்’ என்று கூப்பிட்டால் வருவார். சொந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார். லைசென்சில் ஏதோ ஒரு பெயர் இருப்பதாகக் கேள்வி. பதினாறு வருடப் பழக்கத்தில் நான் பார்த்ததில்லை.

என் வீடு ஸ்டாண்டுக்கு மேலே நூற்றுப் பதினாலு படி ஏறினால் வரும். மழை பெய்தால் நூற்றுப் பதிமூன்று. ஒரு படியைத் தண்ணீர் மூடிவிடும். நகராட்சிக்கு ஆறு கடிதம் எழுதியாயிற்று. அது வேறு கதை.

ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. கிளீனராக இருந்த காலத்தில், ஒரு கன்னியர் மடத்தின் வாசலில் தினமும் ஒரு மணி நேரம் வண்டியோடு காத்திருப்பாராம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிஸ்டர் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுப்பார். இவர் இந்தப் பக்கம் நின்று ஒரு வருடம் பார்த்திருக்கிறார், ஊசியைத் தொடாமலே. எதிரே நின்று பார்த்ததால் எல்லாமே இடம் வலமாக மாறி மண்டையில் ஏறிவிட்டது. சோற்றை வலக்கையால் சாப்பிடுவார், கையெழுத்தும் வலக்கைதான். பின்னுவது மட்டும் இடக்கை.

பயணிகள் இறங்கிப் போனதும் டேஷ்போர்டிலிருந்து மஞ்சள் பையை எடுப்பார். அவருக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அளவு மணியும் நிமிடமும் அல்ல, வரிசைதான். தூண் பாறை பன்னிரண்டு வரிசை. ஏரி முப்பது. புதுமணத் தம்பதி என்றால் ஒரு கை முழுதாக முடியும். மன்னவனூருக்கு வாடகை வந்தால் ஒரு முதுகு.

இப்படிப் பின்னிப் பின்னி ஸ்டாண்டில் இருந்த பத்தொன்பது டிரைவர்களுக்கும் ஸ்வெட்டர் போட்டார். அதன்பிறகு ஆள் இல்லாமல் கியர் குமிழுக்கு ஒரு குல்லா, டீ ஃபிளாஸ்க்குக்கு ஒரு சட்டை, ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கும் நாய்க்கு நான்கு காலுக்கும் கை வைத்த ஸ்வெட்டர். நாய் அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. வெட்கம் என்று நினைக்கிறேன்.

பிறகு வாழ்க்கை வேகமெடுத்தது. இரண்டாவது வண்டி வாங்கினார். மகள் திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போனாள். ஸ்டாண்டில் இவரைச் செயலாளர் ஆக்கினார்கள். ஒரு போன் இரண்டு போன் ஆயிற்று. மஞ்சள் பை டேஷ்போர்டிலிருந்து சீட்டுக்கு அடியில் போனது. அங்கிருந்து ஜாக்கியோடு பின்பக்கம் போனது. ஒருநாள் வண்டியிலேயே இல்லை.

ஒரு மனிதரை விட்டு ஆசை எப்படி இறங்கிப்போகிறது என்று எனக்கு ஒரே குடைச்சல். ஒன்பது தடவை கேட்டேன். ஒன்பது பதில் வந்தது. கண் மங்குது என்றார், விரல் வலி என்றார், இப்போது வருகிற நூல் சரியில்லை என்றார். ஒருமுறை, “சோலி கெடக்கு சார்” என்று மட்டும் சொன்னார். நானும் சும்மா இருப்பவனில்லை. ஒரு வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் ஸ்டாண்டில் சும்மா நிற்கும் நேரத்தைக் குறித்தேன். நாளொன்றுக்கு சராசரி இரண்டு மணி பத்து நிமிடம். நேரம் இருந்தது. மனசுதான் இல்லை.

காய்கறிக் கடையில் அவர் மனைவியைப் பார்த்தபோது அதையும் விசாரித்தேன். கடைசியாகப் பின்னியது அந்த அம்மாவுக்குத்தானாம். ஊர் நாய்க்கெல்லாம் போட்டு முடித்த பிறகு வந்த முறை. அந்த ஸ்வெட்டரின் இடது கை சரியாக வரவில்லை என்று பரண் மேல் போட்டுவிட்டாராம்.

“ஸ்வெட்டர் கெடக்குது விடுங்க சார்,” என்றார் அந்த அம்மா, கேரட்டைப் பொறுக்கிக்கொண்டே. “பின்னிக்கிட்டு இருந்த வரைக்கும் வீட்டுக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டு வருவாரு. இப்ப போன்ல பேசிக்கிட்டே வர்றாரு, போன்ல பேசிக்கிட்டே தூங்குறாரு. அம்புட்டுத்தான்.”

அடுத்த வாரம் ஒரு பிற்பகல், ஸ்வெட்டர் என் வீட்டுக்குப் படியேறி வந்தார். கையில் மஞ்சள் பை.

“சார், ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க. இதப் பிரிச்சு நூலச் சுத்தணும். நம்ம கை செத்துப்போச்சு. இதோட ஊசியத் தொடுறதா இல்ல.”

பையிலிருந்து அரக்கு நிற ஸ்வெட்டர் ஒன்று வெளியே வந்தது. பத்து வரிசை அரக்கு, இரண்டு வரிசை வெள்ளை, மறுபடி பத்து அரக்கு என்று பட்டை போட்டது. முதுகும் முன்பக்கமும் வலது கையும் கச்சிதம். இடது கையை உதறி விரித்தார். அது விரிந்துகொண்டே போனது. போட்டால் முழங்காலைத் தொடும்.

பிரிப்பதற்கு முன் எண்ணிவிடுகிறேன் என்றேன். எண்ணாமல் எதையும் அழிக்க எனக்கு மனம் வராது. வலது கையில் ஒன்பது அரக்குப் பட்டை, ஒவ்வொன்றும் பத்து வரிசை. இடது கையிலும் ஒன்பதே பட்டைதான். ஆனால் வரிசைகள்: பத்து, பத்து, பதினேழு, பத்து, நாலு, நாற்பத்தொன்று, பதினாறு, முப்பத்தெட்டு, பத்து. கை செத்துப்போன ஆள் நாலு இடத்தில் மட்டும் எப்படிச் சரியாகப் பின்னுவார்? பிரிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, என் முன்னால் ஒரு பட்டை புதிதாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தார்.

வரிசை முடிய முடிய வாய்க்குள் எண்ணினார். மூன்று, நாலு, ஐந்து. போன் அடித்தது.

“ஆங், சொல்லுங்க சார். எத்தனை பேரு? ரெண்டு பேரா? சரிங்க, வெள்ளனே வந்துர்றேன்.”

போனை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். அடுத்த வரிசையை முடித்தார். “மூணு” என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“ஆறு வரணும், ஸ்வெட்டர். மூணு எங்கேருந்து வந்துச்சு?”

“ரெண்டுக்கப்புறம் மூணுதான சார்.”

“அந்த ரெண்டு உங்க ஜீப்புல ஏற வேண்டிய ஆளுங்க. ஸ்வெட்டருல ஏன் ஏறுறாங்க?”

அவர் ஊசியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு இருவரும் அந்த இடது கையைத் தரையில் விரித்துப் போட்டு ஒவ்வொரு பட்டையாக விசாரித்தோம். பதினேழும் பதினாறும் புதுமணத் தம்பதிகள். ஒன்பதிலும் எட்டிலும் நின்றவரை மறுபடி இரண்டுக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள். நாலு வரிசைப் பட்டை, மூன்றாம் வரிசையில் குறுக்கிட்ட ஒன்பது பேர்; அடுத்ததே பத்து. நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

“பதினாலு பேரு சார். கரூர்ப் பார்ட்டி.”

பதினாலுக்குப் பிறகு பத்து எப்படி வரும்? பதினைந்து, பதினாறு என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அரக்கு உருண்டை தீர்ந்தபிறகுதான் வெள்ளை ஞாபகம் வந்திருக்கிறது. முப்பத்தெட்டும் அதே போல ஒரு பெரிய கூட்டம்தான். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று நிமிடம் சிரித்தார்.

நோய் தெரிந்துவிட்டதே, இனிப் பின்னுவார் என்று நினைத்தேன். எட்டு நாள் பார்த்தேன். பை வண்டிக்கு வந்தது, ஊசி வெளியே வரவில்லை. “திரும்பத் தப்பாப் போச்சுன்னா மனசு விட்ரும் சார்,” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் சோலியைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தது எதனிடமிருந்து என்று.

ஒன்பதாம் நாள் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, மப்ளர், குல்லா, இரண்டு ஜோடிக் காலுறை சகிதம் கீழே இறங்கி அவர் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஐந்து பேர். தூண் பாறை போய்ச் சேர்ந்தோம். மூடுபனி பாறையை முழுசாக விழுங்கியிருந்தது. அவர்கள் இறங்கிப் போனார்கள்.

இவர் பையைத் திறக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். நீளக் கையை முன்பே அந்தப் பதினேழு வரிசைப் பட்டை உட்படப் பிரித்துவிட்டிருந்தோம். ஊசியைக் கோத்துக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தார். பிறகு முதல் வரிசை. நான் உரக்க ‘ஒன்று’ என்றேன். போன் மூன்று தடவை அடித்தது. எத்தனை பேர் என்பதை என்னிடம் மட்டும் சொல்லும்படி மூன்று பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லி, காகிதத்தில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

ஐந்தாம் வரிசையில் தோள் இறங்கியது. ஆறாம் வரிசையில் உதட்டுக்குள் ஏதோ பாட்டு.

அப்போது அந்த ஐந்து பேரும் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்கள். பாறையும் தெரியவில்லை, தடுப்புக் கம்பியும் தெரியவில்லை, கிளம்பலாம் என்றார்கள். ஸ்வெட்டர் தலையைத் தூக்கவில்லை.

“பத்து நிமிசம் நில்லுங்க சார். வெரசா வெலகிரும்,” என்றார்.

நான் பாறை இருக்க வேண்டிய பக்கம் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பனி விலகாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பின்சீட்டுக்காரர் சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

“பத்து போதாது. பதினைந்து ஆகும்,” என்றேன். தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன முதல் எண் அதுதான்.