பதினேழுக்கு ஒரு பாஸ்

பதினேழாம் நம்பர் மறுபடியும் கையைத் தூக்கினான். மறுபடியும் யாரும் அவனுக்குப் பந்தைத் தரவில்லை.

"ரூபிக்கா, இங்க வந்து பாரேன். இந்தப் புள்ளைக்கு மட்டும் ஒருத்தனும் பந்து குடுக்க மாட்றான்."

"குடுத்த பந்த எண்ணத்தான் உனக்குச் சம்பளம். குடுக்காத பந்தப் பத்தி உனக்கு இன்னாடி?" என்றாள் சூப்பர்வைசர் ரூபி, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே.

நியாயமான கேள்விதான். ஆனால் தாமரைச்செல்விக்கு நியாயம் பெரிதில்லை, காரணம்தான் பெரிது. சொந்த ஊரான பாகூரில் பக்கத்து வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் தெரிந்துகொண்டவள் அவள்.

லாஸ்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. அங்கே எட்டுப் பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஈரான் நாட்டுக் கால்பந்தாட்டங்களைப் பார்த்தார்கள். பார்ப்பதென்றால் கைதட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு உதைக்கும் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். யார் உதைத்தது, யாருக்கு, போய்ச் சேர்ந்ததா இல்லையா. அந்தக் கணக்கு பிரான்சில் மர்ஸேய் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போகும். அங்கிருந்து ஈரானில் உள்ள கிளப்புகளே காசு கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும். தங்கள் ஊர் ஆட்டக்காரன் எப்படி ஆடினான் என்று லாஸ்பேட்டை சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். மேனேஜர் லூர்துபிரகாஷ், மர்ஸேயில் இருக்கும் தன் சித்தப்பா மகன் மூலமாகப் பிடித்த கான்ட்ராக்ட் அது.

தாமரைச்செல்வி பி.காம். படித்தவள். டேட்டா என்ட்ரி என்று நினைத்து வந்தாள். வந்த புதிதில் கோல்கீப்பர் மட்டும் ஏன் வேறு கலர் சட்டை என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இப்போது வீட்டில் சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான். தப்ரீஸ் ஊர் டீமுக்கு டிராக்டர் என்றே பெயர், டிராக்டர் ஃபேக்டரி ஆரம்பித்த டீம் அது. அராக்கில் அலுமினியம் என்று ஒரு டீம். காயெம்ஷஹரில் நெசவு மில்லின் பெயரில் ஒன்று. அவளுடைய அப்பா அம்மாவாசைக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க ஆச்சரியம்.

"டிராக்டரு இன்னா ஆச்சி இன்னிக்கி?"

"அலுமினியத்துகிட்ட மாட்டிகிச்சிப்பா. டிரா."

"பாவம், சேத்துல எறங்கியிருக்கும்" என்பார்.

இவள் தட்டுவது அந்தப் பெரிய டீம்களை இல்லை. அவற்றுக்குக் கீழ் இரண்டாம் பிரிவில், காஸ்பியன் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் டீம் இவள் பங்கு. பெயர் ஷாலிகார். நெல் விவசாயி என்று அர்த்தமாம். மைதானத்துக்குப் பின்னாலேயே வயல். எப்போது பார்த்தாலும் மழை. போனில் ஒரு படத்தைக் காட்டியதும் அம்மாவாசை "நம்மாளுங்க" என்று முடிவு கட்டிவிட்டார்.

அதே அம்மாவாசைதான் இன்னொரு பக்கம் திருக்கனூர் உரக்கடை மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். "வேல கன்ஃபார்ம் ஆயிடிச்சின்னா ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன். ஆவலன்னா தையில முகூர்த்தம்" என்று மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சொல்லியிருந்தார். தாமரைச்செல்விக்கு இந்த வேலை பிடித்திருந்தது. உரக்கடை பிடிக்கவில்லை. மாத முடிவில் கன்ஃபர்மேஷன். அதுவரை தப்பு வரக் கூடாது.

கதவு திறந்தது. மேனேஜரின் அக்கா மகன் ஜெர்ரி உள்ளே எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"அக்கா, ஏதாவது மேட்ச் இருந்தா குடுங்கக்கா. சும்மாவே உக்காந்துகினு இருக்கேன்."

"எல்லாம் போயிடிச்சேப்பா" என்றாள் ரூபி இனிமையாக.

எல்லாரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்ரி நல்ல பையன். ஆனால் ஒருமுறை பாதி ஆட்டத்தை இரண்டு டீமையும் மாற்றி வைத்துத் தட்டி, அதைத் திருத்த வேண்டிய ரூபியை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவிடாமல் செய்துவிட்டான். அதிலிருந்து அவனுக்கு டீ வாங்கி வரும் வேலை மட்டும்தான்.

அவன் போனதும் தாமரைச்செல்வி, மைதானத்தில் படம் பிடிக்கும் கியூமர்ஸ் என்ற கேமராக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சட்டை நம்பர் தெரியாவிட்டால் அவரைத்தான் கேட்பார்கள். 'பதினேழுக்கு ஏன் யாரும் பந்து தருவதில்லை?' என்று கேட்டாள்.

'நல்ல பையன். ரொம்ப நல்ல குடும்பம்' என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

இது பதிலா? அவளுக்கு மண்டை குடைந்தது. காதல் விவகாரமாக இருக்குமோ? வெளியூர்க்காரன் என்று ஒதுக்குகிறார்களோ? பந்து கேட்டுக் கேட்டுக் கையே வலித்திருக்கும், அவன் அம்மா பார்த்தால் எப்படித் துடிப்பாள் என்றெல்லாம் யோசித்தாள்.

அடுத்த ஆட்டத்தில் நல்ல மழை. கேமரா கண்ணாடியெல்லாம் தண்ணீர். ஒருவன் பந்தை நீட்டி அடித்தான். பதிமூன்றா பதினேழா? பதிமூன்றுதான். அவன் கால் வளைத்து வளைத்து ஓடுவதை அவள் எங்கேயும் கண்டுபிடிப்பாள். இருந்தாலும் விரல் பதினேழைத் தட்டியது. ஒரே ஒரு பாஸ். கோயிலில் வரிசையில் விட்டுப்போனவனைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தாள்.

அந்தப் பந்தை வாங்கிய ஒன்பதாம் நம்பர் நேராகப் போய்க் கோல் அடித்துத் தொலைத்தான்.

அழிக்க வேண்டுமென்றால் ரூபியின் பாஸ்வேர்டு வேண்டும். அழித்தால் தாமரைச்செல்வியின் பெயரில் ஒரு தப்பு ஏறும். விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை மர்ஸேய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர் வாரத்தின் சிறந்த பதினொரு பேரை அறிவித்தது. அதில் ஷாலிகாரின் பதினேழும் இருந்தான்.

"யாருடி இவன், திடீர்னு?" என்றாள் ரூபி.

"நல்லாத்தான் ஆடறான்க்கா."

"அப்ப அடுத்த மேட்ச்லயும் ஆடணுமே. ஒருவாட்டி ஏறி மறுவாட்டி எறங்கினா மேல இருந்து கேள்வி வரும்."

கேள்வி வரக் கூடாது. ஆகவே அடுத்த ஆட்டத்தில் பதிமூன்று அடித்த பந்துகளில் நாலைந்தை எடுத்துப் பதினேழின் கணக்கில் போட்டாள். அவனிடம்தான் நிறைய இருக்கிறதே, கொஞ்சம் போனால் என்ன என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஆட்டத்தில் பதிமூன்றைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோச் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உட்கார வைத்துவிட்டார்.

தாமரைச்செல்வி அன்று சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அழுகை வந்தது. இனி பதினேழை இறக்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த ஆட்டத்தில் யார் பந்தைக் கோட்டை விட்டாலும் பதினேழுதான் விட்டான் என்று தட்டினாள். ஒன்பது விட்டதும் பதினேழு. ஆறு விட்டதும் பதினேழு.

கம்ப்யூட்டர் அவளைவிடக் கெட்டிக்காரத்தனமாக யோசித்தது. இவ்வளவு பந்தை ஒருவன் இழக்கிறான் என்றால் இவ்வளவு பந்து அவனிடம் வந்திருக்க வேண்டும். வருகிறதென்றால் டீமே அவனை நம்பித்தான் இருக்கிறது. எதிராளிகள் எல்லாரும் அவன்மேலேயே விழுகிறார்கள். மற்ற பத்துப் பேரும் தப்பே செய்யாத உத்தமர்களாக ஆடுவதும் இவனால்தான். ஆகவே இரண்டாம் பிரிவிலேயே முதல் இடம், பதினேழு.

"உன் ஆளு எங்கயோ போயிட்டான்டி" என்றாள் ரூபி.

"ஆமாக்கா" என்றாள் தாமரைச்செல்வி.

வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். லூர்துபிரகாஷுக்குச் சந்தோஷம் வந்தால் பிரெஞ்சும் வரும், நன்றி மெர்சியாகிவிடும்.

"மெர்சி தாமரை, மெர்சி. தெஹ்ரான்ல ஒரு பெரிய கிளப்பு. முதல் பிரிவு. நம்ம ரிப்போர்ட்ட பாத்துட்டு அந்தப் பதினேழு மேல கண்ணு வச்சிட்டாங்க. அவன் பந்து தொட்ட வீடியோ எல்லாத்தையும் வெட்டி அனுப்பச் சொல்றாங்க. நாளைக்குள்ள குடுத்துடு."

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் வந்து வீடியோவை வெட்ட உட்கார்ந்தாள். எல்லாத் துண்டிலும் பதினேழு மழையில் நனைந்தபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒன்றிலும் பந்து இல்லை. இதை அனுப்பினால் வேலை போகும். அனுப்பாவிட்டாலும் போகும். எழுந்து போய் மேனேஜர் முன்னால் நின்றாள்.

"சார், அந்தப் பதினேழு கணக்கு நான் போட்டது சார்."

"தெரியுமே. அதுக்குத்தானே மெர்சி சொன்னேன்."

"இல்ல சார். பொய்யா போட்டேன். பாவமா இருந்திச்சி. அப்புறம் நிறுத்த முடியல."

லூர்துபிரகாஷ் எழுந்து கதவைச் சாத்தினார். சுவரில் இருந்த வேளாங்கண்ணி மாதா காலண்டரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல சார்."

"அப்படியே இருக்கட்டும். வீடியோ வேணாம்னுட்டாங்க. நம்பரே போதுமாம். நேத்து சாயங்காலமே அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. மர்ஸேய்ல ஒரே கொண்டாட்டம். இந்தா, உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணு. அங்க அவங்க ஆபீசுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு கேக்கறாங்க. யாரு ரிப்போர்ட்டு நல்லாருக்கோ அவங்கதான். நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கேன், எல்லாருக்கும் சொல்லிடு."

அம்மாவாசை போனில் சத்தியத்தைக் காப்பாற்றினார். "உரக்கடைக்காரனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லிட்டேன். ஷாலிகாரு செயிச்சிச்சா?" என்று கேட்டார். தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. தெஹ்ரானில் அந்தப் பையன் மைதானத்தில் இறங்குவான், முதல் நாளே மானம் போகும், துரத்திவிடுவார்கள். இருந்த இடமும் போய்விடும். எல்லாம் தன் விரலால் வந்த வினை.

அதை மனத்தில் வைத்துக்கொண்டிருக்க முடியாமல் ரூபியிடம் கொட்டினாள். ரூபி ஹெட்போனைக் கழற்றினாள். அவள் அதைக் கழற்றியதை அன்றுதான் தாமரைச்செல்வி பார்த்தாள்.

"இன்னாடி இப்படி பண்ணிட்ட? சரி அழுவாத. அந்தக் கேமராக்காரருக்குப் போனப் போடு. டீம்ல உண்மையச் சொல்லச் சொல்லுவோம். அதுக்கப்புறம் ஆண்டவர் விட்ட வழி."

போட்டார்கள். ஸ்பீக்கரில் மழைச் சத்தமும், பின்னால் யாரோ பாடுவதும், மேளம்போல ஏதோ தட்டுவதும் கேட்டன. தாமரைச்செல்வி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மன்னிப்பும் கேட்டாள். கியூமர்ஸ் முழுவதையும் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

சிரித்து முடித்து அவர் தன் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான். பதினேழு, கிளப் தலைவரின் ஒரே மகன். அவனை ஆடவைத்தே ஆக வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. பந்து கொடுத்தால் எதிராளிக்கே திருப்பிக் கொடுப்பான். எதிர்த்துப் பேசினால் சம்பளம் நிற்கும். அதனால் பத்துப் பேரும் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மரியாதையாகப் பேசுவது, சிரிப்பது, பந்து மட்டும் கொடுப்பதில்லை. அலுத்துப்போய் அவனே கிளம்பட்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தார்கள். அவன் கிளம்பவில்லை.

"ரிப்போர்ட்டு வந்தப்ப டீம்ல யாரும் சொல்லலியா, பொய்யுன்னு?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

சொல்வார்களா? மூச்சு விடவில்லையாம். பதிமூன்றுகூட, இவன் போனால் போதும், நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் பெஞ்சில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். தெஹ்ரானில் ஒன்றும் பயமில்லை. பெரிய கிளப்பில் பெஞ்சும் பெரிது, சம்பளமும் வந்துவிடும். அப்பாவுக்குப் பெருமை, பையனுக்குச் சந்தோஷம். இன்று பதிமூன்று திரும்ப ஆடினான். மூன்றுக்குப் பூஜ்யம். பின்னால் கேட்கும் பாட்டு அதற்குத்தான். தட்டியது யார் என்று அதுவரை தெரியாததால் அந்த இந்தியாக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று பொதுவாக வேண்டிக்கொண்டு ஒரு ஆட்டை அறுத்திருக்கிறார்களாம்.

தாமரைச்செல்விக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இத்தனை நாளாகக் குடைந்த கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. ஆனால் வேறு ஏதோ உறுத்தியது. என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. ஒரு கையில் டீ ஃபிளாஸ்க்கோடு ஜெர்ரி வந்தான். மற்றொரு கையைத் தூக்கினான்.

"அக்கா, இன்னிக்காவது ஒரு மேட்ச் குடுங்கக்கா."

"எல்லாம் போயிடிச்சேப்பா" என்று ஆரம்பித்த தாமரைச்செல்வி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பரவால்லக்கா" என்று சிரித்துவிட்டு அவன் அடுத்த மேசைக்கு டீ ஊற்றப் போனான்.

ரூபி நோட்டீஸ் போர்டைப் பார்த்தாள். ஜெர்ரியைப் பார்த்தாள். நாற்காலியை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு வந்து தாமரைச்செல்வியின் காதருகே குனிந்தாள்.

"மர்ஸேய்க்கு ஒரு ஆளு கேட்டிருக்காங்கல்ல, இன்னிலேர்ந்து நம்ம மேட்ச எல்லாம் ஜெர்ரி பேர்ல ஏத்திடலாமாடி?"