நீட்டிப்புச் சாமியின் மோதிரம்

நீட்டிப்புச் சாமியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும். தாமதித்தால் படிக்கட்டில்தான் இடம். சலவைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. செருப்புகள் முதல் மாடி வரை இறங்கி வந்திருக்கும். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பாலம் கட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக்கொடுக்கிறவர்!

எல்லாருக்கும் ஒரே கவலை. ஊரிலிருந்து வந்த அம்மாவோ மாமனாரோ பார்வையாளர் விசாவில் இருக்கிறார், தேதி முடியப்போகிறது, இன்னும் கொஞ்ச காலம் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். சாமி பட்டுத்துணியில் சுற்றிய பாஸ்போர்ட்டுக்கு மேல் நூலில் கட்டிய மோதிரத்தைத் தொங்கவிடுவார். நீளவாக்கில் ஆடினால் விசா நீளும். அகலவாக்கில் ஆடினால் ஆள் அகல வேண்டும். தமிழ் தெரிந்த மோதிரம்! தட்டில் காணிக்கை விழுந்தால் திசை மாறி ஆடும் அளவுக்கு விவரமும் தெரிந்த மோதிரம்.

கம்ப்யூட்டர்காரர் மாமியாருக்காக வந்திருந்தார். மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் மாமியாரின் விசா முடிந்துவிடும். போன வாரம் சாமி சொல்லி அனுப்பியிருந்தார்: "விண்ணப்பம் எதுவும் போடாதீங்க தம்பி. நாமளா கேட்டா அதிகாரி இல்லைன்னுடுவான். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டைக் கொண்டாந்து என்கிட்ட விட்டுடுங்க. தானா நீளும்."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "தானா நீளுறதுக்கு அது என்ன நகமா? தேதிக்குள்ள கேக்கலைன்னா அம்மாவை அனுப்பிடுவாங்க. அப்புறம் திரும்ப வரவும் விடமாட்டாங்க. பிரசவ நேரத்துல நான் யார் கையைப் பிடிச்சுக்கிறது? உங்க சாமி மோதிரத்தையா?"

"உனக்கு எல்லாமே கிண்டல்தான். எத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கு தெரியுமா?"

அவள் எழுந்து பீரோ பக்கம் போனாள். ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார், பாவம். இந்த ஞாயிறு அவளே பட்டுத்துணி முடிச்சைக் கையில் ஏந்தி, மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மோதிரம் அகலவாக்கில் ஆடியது. கூட்டம் "அடடா" என்றது. கம்ப்யூட்டர்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைப்பையில் இருந்ததை அப்படியே தட்டில் கவிழ்த்தார். மோதிரம் கொஞ்சம் யோசித்துவிட்டு நீளவாக்குக்குத் திரும்பியது.

சாமி கண்ணை மூடினார். "வயசான உயிர். உடம்பெல்லாம் தேய்மானம். ராத்திரியில முனகல் இருக்கும்."

"ஆமா சாமி, ரொம்பச் சத்தம்" என்றாள் மனைவி பணிவாக.

"கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது."

"கண்ணுல மட்டுமா சாமி? அடியிலயும் ஒழுகுது."

சாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து மூடினார். "கவலையை விடும்மா. குழந்தை தவழுற வரைக்கும் உன் வீட்டுலதான் இருப்பாங்க. நான் பொறுப்பு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வாஷிங் மெஷினின் வாரண்டி புத்தகம்.

"வாரண்டியை நீட்டிக் கொடுத்ததுக்கு நன்றி சாமி. ரிப்பேர் ஆனா உங்களைத்தானே கூப்பிடணும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கு நீட்டிச்சுக் கொடுத்தாங்களே, அது பொய்யா?"

"நீங்க விண்ணப்பம் போட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"போட்டேன்..." குரல் இறங்கியது. "சாமிக்குத் தெரியாமதான். எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

"சரி, சாமியை நம்பிக் கிடைக்காமப் போனவங்க யாராவது இங்க இருக்காங்களா?"

கூட்டம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருவரும் இல்லை.

"எப்படி இருப்பாங்க? ஏமாந்த பெரியவங்களை விமானம் ஏத்தி அனுப்பியாச்சு. அவங்க பிள்ளைங்க வெட்கத்துல இந்தத் தெருப்பக்கமே வர்றதில்ல. மிச்சம் இருக்கிறவங்க சாட்சி சொல்றீங்க!"

அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் போட்டுவைத்திருந்த சாமியின் பெட்டி கவிழ்ந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தச் சந்தடியில் சாமி வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார்.

கம்ப்யூட்டர்காரருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. "அத்தையோட பாஸ்போர்ட்?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. விண்ணப்பம் போன வாரமே போட்டுட்டேன்."

"கிடைச்சிடுமா?"

"தெரியாது. ஆனா கேட்டாச்சு."

அடுத்தவர் நாட்டில் தங்கத்தான் அனுமதி வேண்டும். யோசிப்பதற்கு எந்த நாட்டிலும், எந்த அதிகாரியும் விசா கேட்பதில்லை. பிறகு ஏன் ஐயா, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட இத்தனை தயக்கம்?