ஏரியலுக்குக் காவல்

செங்கோட்டையில் பேட்டரிக்கு சார்ஜ் போடும் சேக் மைதீன் சாயபு முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்? வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். தென்காசியில் எங்கள் தெருவிலேயே ரேடியோ என் வீட்டில்தான். பேட்டரி ரேடியோ. செய்திக்குத் தினம் பத்து நிமிஷம்தான் திருப்புவேன். கூரைமேல் ஏரியல் கம்பி. அதில் மின்னல் இறங்கினால் உள்ளே வால்வெல்லாம் கருகிவிடும். அதற்காக ஜன்னலோரம் ஒரு சுவிட்சு. கீழே தள்ளிவிட்டால், கம்பியில் வருவது ரேடியோவுக்குள் நுழையாமல் நேரே மண்ணுக்குள் போய்விடும்.

"தள்ளிவிட்டுட்டு நீங்க காசிக்கே போயிட்டு வரலாம் அண்ணாச்சி" என்றார், அந்தச் சுவிட்சை மாட்டிக்கொடுத்த பால்வண்ணநாதன். என் மனைவி பாலம்மாள் அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

ஐப்பசி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது. மனைவியை அழைத்துப் போனால் அவள் அக்கா, அக்கா பிள்ளைகள், கட்டுச்சோறு என்று ஒரு வண்டி பாரம் சேரும். தனியாகக் குளிப்பதில்தான் சுகம்.

"ஏட்டி, இடி இடிச்சா சுவிட்சைத் தள்ள வீட்ல ஒரு ஆள் வேணும். நீ இரு."

"இடிக்கலைன்னா?"

"இடிக்கும்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ரேடியோவைத் தொட்டுராத."

"சரிங்க."

நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்தாள். நான் திரும்பும்போதெல்லாம் சுவிட்சைப் பார்த்தபடி தேமே என்று உட்கார்ந்திருப்பாள். பாவமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் போனேன்.

பேட்டரி மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. சரியாக சார்ஜ் போடவில்லை என்று சாயபுவைக் கடைவாசலில் வைத்து நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பேட்டரியை வாங்கி மறுபடி சார்ஜில் போட்டார்.

ஐந்தாவது ஞாயிறு. அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றேன். மலைமேல் ஓர் இடி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பெண்கள் பக்கமிருந்து ஈரத்தலையோடு பாலம்மாள் வருகிறாள். பின்னால் அக்கா, அக்கா பிள்ளைகள்.

"ஏட்டி, ரேடியோ என்னாச்சு?"

"சுவிட்சைத் தள்ளிட்டுத்தான் வந்தேன். தள்ளிட்டா காசிக்கே போலாம்லா?"

அருவித் தண்ணீரிலும் எனக்கு உடம்பு சுட்டது.

"அன்னைக்கே தெரியுமா? பின்ன எதுக்கு நாலு வாரம் வீட்லயே இருந்த?"

"நீங்க இருந்தா ரேடியோவைத் தொட விடுவியளா? நீங்க இங்கன வந்தப்பெல்லாம் தெருப் பொம்பளைய எல்லாரும் அங்கன உக்காந்து பாட்டுக் கேட்டோம்."

தலையைத் துவட்டியபடி கேட்டேன்: "இன்னைக்கு மட்டும் ஏன் வந்த?"

"பேட்டரி தீந்துட்டு. நாளைக்குப் போயி சாயபுகிட்ட இன்னொரு சண்டை போட்டுட்டு வாங்க."