பேசில் பேசிவிட்டது

கோழி சமைக்கக் கற்றுக்கொள்வதில்லை என்று சபதம் எடுத்தேன். ஜெனோவா பக்கத்தில் எங்கள் கடலோர ஊரில் எந்தக் கணவனுக்கும் இந்தச் சபதம் தேவைப்பட்டதில்லை. ஒருவனுக்கும் சமைக்கத் தெரியாது.

என் மனைவி எர்சிலியா எதையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. கல்யாணமான புதிதில் எனக்குக் காலுறை மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒழுங்காக மடிப்பதற்குள் தேனிலவுக்குப் போக வேண்டிய ரயில் போய்விட்டது. இப்போது டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எர்சிலியா அழவில்லை. கோழி வாங்கி வரச் சொன்னாள். தான் இல்லாதபோது நான் பட்டினி கிடக்கக் கூடாதாம்.

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் ஒரு யோசனை வந்தது. பாடம் முடியாமல் எர்சிலியா போக மாட்டாள். ஆகவே பாடம் முடியக் கூடாது. முடிவெட்டிப் பிழைக்கிற என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பாடம் என்னவோ எளிதுதான். கோழியின் நெஞ்சுக்கறியை மெல்லியதாகத் தட்டி, பூண்டு போட்ட ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வாட்ட வேண்டும். தக்காளியை நறுக்கி உப்புப் போட்டு நீரை வடிக்க வேண்டும். ஜன்னலோரத் தொட்டியிலிருந்து, துளசிக்குச் சொந்தமான பேசில் இலையைப் பறித்து அதில் கலந்து, பச்சையாகவே கோழிமேல் அள்ளி வைக்க வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கருக்கினேன். மறுநாள் வேகாமல் இறக்கினேன். இன்னொரு நாள் தக்காளியில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு உப்பு டப்பாமேல் பழி போட்டேன்.

"ஊர்ல பாதித் தலை உன் கையில. ஒரு கோழி அடங்க மாட்டேங்குதா?"

"தலை அசையாம உட்காரும் எர்சிலியா. இது எண்ணெயில குதிக்குது."

"சரி, நாளைக்குப் பாப்போம்."

அந்த 'நாளைக்கு'க்காகத்தான் அத்தனை கோழிகளும் கரிந்தன. அவள் கரியைச் சுரண்டிவிட்டு முணுமுணுக்காமல் சாப்பிடுவாள். நான் அசடு வழிவேன். உள்ளே அழுகை முட்டும்.

பிறகு ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்தாள். அடுத்த நாளும் தள்ளினாள். கருகினதை விழுங்கத் தெம்பில்லை என்றாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிற அந்தக் கையைப் பார்த்தேன். சபதமாவது மண்ணாவது. ஒழுங்காகச் சமைத்து வைத்தேன்.

முழுவதும் சாப்பிட்டாள். மிச்சமிருந்த தக்காளிச் சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துத் தட்டைத் துடைத்தாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றேன் அவசரமாக. "நாளைக்குச் சொதப்பிடுவேன் பாரு."

"எத்தோரே, எனக்கு முதல் நாளே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கோழியைக் கருக்கின. தக்காளியில சர்க்கரை போட்ட. ஒரு நாளாவது பேசில்மேல கத்தி வச்சியா? தெரியாதவன் கத்தியால நறுக்கி இலையைக் கறுக்க வைப்பான். நீ தினமும் கையாலதானே கிள்ளிப் போட்ட?"

உண்மைதான். எங்கள் ஊரில் பிறந்தவனுக்குக் கோழியைப் பாழாக்க மனசு வரும், பேசிலைக் கத்தியால் தொட வராது. நான் வாயைத் திறக்கவே இல்லை. பேசில் பேசிவிட்டது.

"தெரிஞ்சுமா அத்தனை கரியைத் தின்ன?"

அவள் ரொட்டியை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"எனக்கு மட்டும் போக அவசரமா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் தொட்டியைப் பார்த்தாள்.

"நாளைக்கு மறுபடியும் கருக்கு," என்றாள். "ஆனா லேசா. என்னால மெல்ல முடியணும்ல."

கடைசியில் கோழியைக் கருக்குவதற்கும் அவளிடமே பாடம் கேட்க வேண்டியதாயிற்று.