நானூற்றுப் பன்னிரண்டு போர்டுகளும் ஒரு பாலமும்

உலகப் பொருளாதாரத்தின் நாடி எங்கள் திருப்பூர் மண்ணரையில்தான் துடிக்கிறது என்பதை வார்டு நலச்சங்கச் செயலாளர் என்ற முறையில் அறிவித்துக்கொள்கிறேன்.

தொழில் மந்தமானால் அரசு கூடுதலாகக் கடன் வாங்கலாம். செழித்தால் குறைக்க வேண்டும். அருமையான விதி! எங்கள் ஓடைப் பாலமோ மூன்றாம் தூண் வரைதான் வந்திருக்கிறது. கூடுதல் கடன் கிடைத்தால்தான் மேற்கொண்டு வேலை. ஆகவே, திருப்பூரில் நடப்பது மந்தமா, செழிப்பா என்று கண்டறிய உயர்நிலைக் குழு ஒன்று ஏசி வேனில் எழுந்தருளியது. வழிகாட்டி அடியேன்.

தலைவர் இறங்கவில்லை. இறங்கினால் 'நடுநிலை' கெடுமாம். கண்ணாடி வழியே பார்த்தார். பனியன் கம்பெனிகளின் கேட்டுகளிலெல்லாம் 'டைலர் தேவை' போர்டு. உதவியாளர் எண்ணி முடித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு சார்!"

"இத்தனை ஆள் தேவையா? இதை மந்தம்னு எவன்யா சொன்னது?"

"அது தகர போர்டுங்க சார்," என்றேன். "ஒருக்கா மாட்டுனா துருப்பிடிச்சு உழுகிற வரைக்கும் ஆரும் கழட்டறதில்லீங்க."

அப்போது ரோஸ்மேரி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டைலர். கணவன் சகாயராஜ் பாலத்தில் கம்பி கட்டுகிறான். தலைவர் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"சார், இந்தா தொங்குதே போர்டு, இந்தக் கம்பெனியிலதான் ஆர்டர் இல்லன்னு என்னைய நிப்பாட்டுனாவ. இப்ப அவுக பாலத்து வேலையிலதான் வீட்டுல அடுப்பெரியுது. அதையும் நிப்பாட்டிராதீய."

"உன்னை நிறுத்தியதற்கு எழுத்துமூலம் ஏதாவது இருக்கிறதாம்மா?"

"வாயாலதான சார் போவச் சொன்னாவ!"

"போர்டில் எழுத்து இருக்கிறதே!"

"அப்ப தகரம் சொன்னா நம்புவீய, மனுசி சொன்னா நம்ப மாட்டீய?"

கண்ணாடி ஏறியது. அறிக்கை வந்தது: 'அமோகச் செழிப்பு'. கடன் வரம்பு குறைந்தது, பாலத்து வேலை நின்றது, ரோஸ்மேரியும் சகாயராஜும் மூட்டை முடிச்சோடு தூத்துக்குடி பஸ் ஏறினார்கள்.

இரண்டாண்டு தீவிர ஆய்வுக்குப் பின் குழு பெருந்தன்மையோடு தன்னைத் திருத்திக்கொண்டது: 'அவ்வாண்டு நிலவியது மந்தமே. கூடுதல் கடன் வாங்கியிருக்கலாம்.' அவ்வாண்டுக்கு மட்டும்!

இவ்வாண்டு நிஜமாகவே ஆர்டர் குவிகிறது. விதிப்படி கடனைக் குறைத்தாயிற்று. டைலர்தான் கிடைக்கவில்லை. கேட்டில் இடம் போதாமல் பாலத்தின் மூன்றாம் தூணிலும் ஒரு போர்டு கட்டியிருக்கிறார்கள். சகாயராஜ் கம்பி கட்டிய தூண், அவன் மனைவியை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

குழு மறுபடி வந்தது. இம்முறையும் வேனை விட்டு இறங்காமலே எண்ணிக்கொண்டது: நானூற்றுப் பதின்மூன்று.